அப்பா அம்மாவைக் கனம்பண்றது நாலாவதா, அஞ்சாவதா?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது. டி.இ.எல்.சி.ங்கிற தமிழ் லுத்தரன் சபைக்கும் சி.எஸ்.ஐ.ங்கிற தென்னிந்தியத் திருச்சபைக்கும் என்னதான் வித்தியாசம், ரெண்டு பேரும் ஒரே பைபிள்தானே வாசிக்கிறோம், ஒரே கீர்த்தனைதானே பாடுறோம்னு கேட்டிருக்கீங்க. எனக்கு இது வெளியாள் விஷயம் இல்ல, அம்மா பொறையாறு லுத்தரன், அப்பா தஞ்சாவூர் சி.எஸ்.ஐ., ரெண்டு கோயில்லயும் வளர்ந்தவ நான், அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் டி.இ.எல்.சி., நான் பொறந்தது சி.எஸ்.ஐ. பொண்ணு நாலாவது படிக்கிறா. லீவுக்கு எங்க அம்மா ஊருக்குப் போனப்ப அங்க வி.பி.எஸ். (லீவுல புள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் வகுப்பு) போட்டியில, பத்துக் கட்டளைகள்ல நாலாவது கற்பனை எதுன்னு கேட்டிருக்காங்க, இவ "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னு டக்குனு சொல்லியிருக்கா, தப்புன்னுட்டாங்க. புள்ள அழுதுக்கிட்டே வந்துச்சு. யாரு சொல்றது சரி? (பொறையாறு வாசகி)

உங்க பொண்ணு சொன்னது சரிம்மா, அங்க கேட்டவங்க வச்சிருந்த விடையும் சரி, முதல்ல புள்ளைகிட்ட இதைச் சொல்லிடுங்க.

யாத்திராகமம் 20-ஐ எடுத்துப் பாருங்க, கற்பனைக்கு நம்பரே போட்டிருக்காது. மொத்தம் பத்துன்னு மட்டும் பைபிள்லயே சொல்லியிருக்கு, உபாகமம் 4-ல "பத்துக் கற்பனைகள்"னு வரும். எங்க வெட்டி எங்க எண்றதுங்கிறதைப் பின்னாடி வந்தவங்கதான் முடிவு பண்ணாங்க. பழங்காலத்து சபைப் பண்டிதர் அகஸ்டின் எண்ணின கணக்கு ஒண்ணு, அதுல வேற தேவர்கள் வேண்டாங்கிறதும் சொரூபம் உண்டாக்க வேண்டாங்கிறதும் சேர்ந்து ஒரே கற்பனை. ஆர்.சி.காரங்க அதைத்தான் வச்சிருக்காங்க, லுத்தரன்ங்கிற பேருக்கே காரணமான லுத்தர் அந்தச் சபையில சாமியாரா இருந்து வந்தவர், அதே கணக்கைத்தான் 1529-ல எழுதின சின்ன ஞானோபதேசம்ங்கிற கேள்வி பதில் புஸ்தகத்துலயும் வச்சாரு. சுவிட்சர்லாந்துப் பக்கம் சீர்திருத்தம் பண்ணவங்களும் இங்கிலாந்து சபையும் இன்னொரு பழைய கணக்கை எடுத்தாங்க, அதுல சொரூபம் வேண்டாங்கிறது தனியா ரெண்டாவது கற்பனை. அதனால அதுக்கப்புறம் வர்றதெல்லாம் ஒரு நம்பர் தள்ளிப் போயிடுது, ஓய்வுநாள் லுத்தரன்ல மூணாவது, சி.எஸ்.ஐ.ல நாலாவது, அப்பா அம்மா நமக்கு நாலு, அவங்களுக்கு அஞ்சு. கடைசியில பத்து வரணும்ல, அதுக்கு லுத்தரன்லயும் ஆர்.சி.லயும் இச்சியாதிருப்பாயாகங்கிறதை ரெண்டாப் பிரிச்சுக்குவாங்க. அதுலயும் பாருங்க, லுத்தர் பிறனுடைய வீட்டை ஒன்பதாவதா வச்சாரு, ஆர்.சி.ல பிறனுடைய மனைவி ஒன்பதாவது.

இது வெறும் நம்பர் விஷயந்தான்னு விட்டுட முடியாது, இதுக்குள்ள ஒரு உபதேசம் இருக்கு. சொரூபத்தைத் தனிக் கற்பனையா எண்ணினவங்க கோயில்ல இருந்த சிலை, படம் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. தனியா எண்ணாத லுத்தர், கும்பிடாம இருந்தாப் போதும், இருக்கிறதுல தப்பில்லைன்னுட்டாரு. நிறைய லுத்தரன் கோயில்கள்ல பலிபீடத்து மேல சிலுவையில ஆண்டவர் தொங்குற உருவம் இருக்கும், பக்கத்துல மெழுகுவத்தி எரியும், சி.எஸ்.ஐ.ல பெரும்பாலும் வெறும் சிலுவைதான், அதுக்கு வேர் இங்க இருக்கு.

அந்த வி.பி.எஸ். நடத்தினவங்ககிட்ட கோவிச்சுக்காம போய்ப் பேசுங்க. அடுத்த வருஷம் நம்பர் கேக்காம, கனம்பண்றதுன்னா என்ன அர்த்தம்னு கேக்கச் சொல்லுங்க. ஞானோபதேசத்துல ஒவ்வொரு கற்பனைக்கும் கீழ இதுக்கு என்ன அர்த்தம்னு கேள்வி போட்டு, தேவனுக்குப் பயந்து அவர்மேல அன்பா இருக்கணும்னு தொடங்கித்தானே பதில் வரும், புள்ளைங்க மனசுல நிக்க வேண்டியது அதுதான்.

கேள்வி: மகனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம், நல்ல குடும்பம். நாங்க சி.எஸ்.ஐ., அவங்க டி.இ.எல்.சி. எங்க மாமியாருக்கு 84 வயசு, "அவங்களும் வேதக்காரங்கதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு கோயிலு, ஏதோ இருக்குடி"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கே பதில் தெரியல. (தஞ்சாவூர் வாசகி)

ஏதோ இருக்குதாம்மா, ஆனா மாமியார் பயப்படுற மாதிரி இல்ல. கொஞ்சம் நீளமாச் சொல்லணும், பொறுமையா வாசிச்சுக் காட்டுங்க அவங்களுக்கு.

1706 ஜூலையில சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில வந்து எறங்கினாங்க. ரெண்டு பேரும் ஜெர்மன்காரங்க, லுத்தரன், அனுப்பினது டென்மார்க் ராஜா. அங்கேருந்து கிளம்பினதுதான் திருச்சி, தஞ்சாவூர் எல்லாம். தஞ்சாவூர்ல சிவகங்கைப் பூங்காகிட்ட இருக்கிற கோயிலை எல்லாரும் சுவார்ட்ஸ் ஐயர் கோயில்னுதானே சொல்றோம், அந்த சுவார்ட்ஸ் ஐயரும் (ஐயர்னா நம்ம பேச்சுல சபைக் குரு) லுத்தரன்தான். அவருக்குச் சம்பளம் குடுத்து ஆதரிச்சது மட்டும் லண்டன்ல இருந்த எஸ்.பி.சி.கே.ன்னு ஒரு ஆங்கிலிக்கன் சங்கம். அந்தக் காலத்துல இங்கிலீஷ் குருமார் இங்க ஊழியத்துக்கு வர ஆள் இல்ல, பணம் இருந்துச்சு, ஜெர்மனியில ஆள் இருந்தாங்க, பணம் இல்ல, ரெண்டும் சேர்ந்துச்சு. உங்க மாமியாரோட பாட்டனுக்குப் பாட்டன் ஞானஸ்நானம் வாங்கினது தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர்கிட்டன்னா அது லுத்தரன் கையில வாங்கினதுதான்.

சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல தஞ்சாவூர்லயே இறந்தாரு. 1825-வாக்குல அந்தச் சங்கம் தன் மிஷனை எஸ்.பி.ஜி.ங்கிற இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்துக்கு மாத்திக் குடுத்துச்சு, அதோட ஜெப புஸ்தகம், பிஷப்பு எல்லாம் இங்கிலீஷ் முறைக்கு மாறிடுச்சு. சபை மக்கள் எங்கேயும் போகல, இருந்த எடத்துலயே லுத்தரனா இருந்தவங்க ஆங்கிலிக்கன் ஆனாங்க. தரங்கம்பாடிப் பக்கம் மட்டும் டேனிஷ் மிஷனாவே இருந்துச்சு, அப்புறம் 1840-கள்ல ஜெர்மனியில இருந்து லைப்சிக் மிஷன் வந்து அதை எடுத்துக்கிட்டு, திரும்பவும் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் லுத்தரன் சபைகளை உண்டாக்குச்சு. அப்படித்தான் ஒரே ஊர்ல ரெண்டு கோயில் வந்துச்சு.

இதுல ஒரு விஷயத்தை நம்ம பெரியவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுறேன், மறைச்சா இந்தக் கதை பொய்யாயிடும். 1833-ல கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள்ள சாதி வித்தியாசம் உடனே, முழுசா ஒழியணும்னு கட்டளை போட்டாரு. ஒண்ணா உக்காரணும், ஒரே பாத்திரத்துல திருவிருந்து, அதான் ஆண்டவர் நினைவா குடுக்கிற அப்பமும் ரசமும், வாங்கணும். தஞ்சாவூர்ல பெரிய கலகமே ஆச்சு, நிறைய குடும்பம் சபையை விட்டு வெளிய போயிடுச்சு. பின்னாடி வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்துல அவ்வளவு கண்டிப்பு காட்டல, அப்படி வெளிய போனவங்கள்ல சிலர் அந்தப் பக்கம் சேர்ந்தாங்க. ஆக, ஒருத்தர் லுத்தரனா போனதுக்கு ஆண்டவருடைய சரீரத்தைப் பத்தின உபதேசம் காரணமா இருந்திருக்கலாம், பக்கத்துல யார் உக்கார்றாங்கிறதும் காரணமா இருந்திருக்கலாம். என் அம்மா வழியிலயும் இது நடந்திருக்கணும்னுதான் நான் நம்புறேன், அதை நெனைச்சா எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. சி.எஸ்.ஐ. பக்கமும் அந்த 1833 உத்தரவால சாதி போயிடலைங்கிறது உங்க ஊர்ல கல்யாண விளம்பரம் பாத்தாலே தெரியும்.

அப்புறம் 1919. அந்த வருஷம் ஜனவரியில தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதான் டி.இ.எல்.சி., தனிச் சபையா உருவாச்சு. அதே வருஷம் மே மாசம் தோர்ணக்கல் பிஷப் அசரியா தலைமையில 33 பேர் கூடி, நாமெல்லாம் ஏன் பிரிஞ்சு கெடக்கணும், இந்தப் பிரிவினையெல்லாம் மேல்நாட்டுக்காரன் அவன் சரித்திரத்துல சண்டை போட்டு நம்ம தலையில கட்டினதுதானேன்னு பேசி ஒரு அறிக்கை விட்டாங்க. எந்த ஊர்ல கூடினாங்க தெரியுமா? தரங்கம்பாடியில. சி.எஸ்.ஐ.க்கு விதை விழுந்தது லுத்தரன்காரங்க ஊர்ல. 28 வருஷம் பேசிப் பேசி 1947 செப்டம்பர் 27-ல சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கனவே ஒண்ணா இருந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு. லுத்தரன் சேரல.

ஏன் சேரல? இங்கதான் உபதேசம் வருது. இணையறதுக்கு வேத புஸ்தகம், ரெண்டு விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானம், திருவிருந்துங்கிற ரெண்டு சாக்கிரமெந்து, அப்போஸ்தலர் காலத்துல இருந்து கை வைச்சு வர்ற பேராயர் முறை, இந்த நாலும் போதும்னு ஆங்கிலிக்கன் தரப்பு சொல்லிச்சு. லுத்தரனுக்கு இது ரெண்டு விதத்துல இடிச்சுது. பேராயர் இருக்கலாம், நல்லதுதான், ஆனா இல்லாட்டி அது சபையே இல்லைன்னு சொல்ல முடியாது, லுத்தரன் சபையோட 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஏழாம் பிரிவு சுவிசேஷம் சுத்தமா போதிக்கப்படணும், சாக்கிரமெந்து சரியாக் குடுக்கப்படணும், அந்த ஒருமனம் போதும்னு சொல்லுது. அந்த ஒருமனம் வேணும்னா திருவிருந்துல என்ன நடக்குதுன்னு முதல்ல பேசித் தீக்கணும், அதைப் பேசாம நிர்வாகத்தை மட்டும் இணைக்கிறது எப்படின்னு கேட்டாங்க. பேராயர் வேண்டாங்கிற சண்டை இல்ல இது, டி.இ.எல்.சி.க்கு 1921-லேயே ஸ்வீடன்காரர் ஒருத்தர் முதல் பேராயரா வந்துட்டாரு, அந்தப் பேராயர் பதவிக்கு இடம் திருச்சி தரங்கைவாசம்.

1948-ல இருந்து ரெண்டு சபையும் பல வருஷம் உக்காந்து பேசினாங்க, நிறைய விஷயத்துல ஒத்தும் போனாங்க, இணைப்பு மட்டும் நடக்கல.

உங்க கேள்விக்கு வர்றேன். கல்யாணத்துக்குத் தடை ஒண்ணும் இல்ல. ரெண்டு கோயில்லயும் ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிக்கச் சொல்லுங்க. பொண்ணு திடப்படுத்தல் (வளந்தப்புறம் விசுவாசத்தை உறுதிப்படுத்துற ஆராதனை) எடுத்திருந்தா அந்தச் சான்றும் சபை மாற்றுக் கடிதமும் போதும். லுத்தரன்ல குருவானவரே திடப்படுத்துவாரு, சி.எஸ்.ஐ.ல வழக்கமா பேராயர் வந்து கை வைப்பாரு, அதுக்காக இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினா ஐயர்கிட்ட நேராப் பேசுங்க, பொண்ணு மனசு நோகக்கூடாது.

கேள்வி: எங்க தாத்தா காலத்துல நாங்க வெஸ்லியன் மெதடிஸ்ட், இப்ப சி.எஸ்.ஐ. என்கூட வேலை பாக்குறவர் லுத்தரன், திருவிருந்துல உண்மையாவே ஆண்டவர் சரீரம் இருக்குன்னு அடிச்சுச் சொல்றாரு. எனக்கு சின்ன வயசுலேருந்து அது நினைவுகூருதல்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவர் சொல்றது ஆர்.சி. உபதேசம் இல்லையா? (மன்னார்குடி வாசகர்)

அண்ணே, ரொம்ப நல்ல கேள்வி, ரெண்டு சபைக்கும் நடுவுல உண்மையா இருக்கிற வித்தியாசம் இது ஒண்ணுதான்னு கூட நான் சொல்லுவேன்.

ஆண்டவர் சொன்னது "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது". இந்த "இருக்கிறது"ங்கிற ஒரே சொல்லுல 1529-ல ஜெர்மனியில மார்பர்க்ங்கிற ஊர்ல சீர்திருத்தக்காரங்க ரெண்டாப் போனாங்க. சுவிட்சர்லாந்துக்காரர் சுவிங்கிலி, அது குறிக்கிறதுங்கிற அர்த்தத்துல சொன்னது, அப்பம் அடையாளம், நாம நினைவுகூருறோம்னாரு. லுத்தர் மேசை மேல சாக்பீஸால அந்த வசனத்தை லத்தீன்ல எழுதி வச்சிக்கிட்டு அதுலேருந்து நகரவே இல்ல. ஆண்டவர் "குறிக்கிறது"ன்னு சொல்லல, "இருக்கிறது"ன்னாரு, எனக்குப் புரியுதா இல்லையாங்கிறது வேற, அவர் சொன்னா சொன்னதுதான்னாரு. பதினஞ்சு விஷயம் பேசி பதினாலுல ஒத்துப்போனாங்க, இந்த ஒண்ணுல முடியாம பிரிஞ்சாங்க.

ஆர்.சி. உபதேசமும் இதுவும் ஒண்ணு இல்ல. அவங்க சொல்றது அப்பத்தோட தன்மையே மாறிடுது, வெளியில பாக்க, ருசிக்க அப்பம், உள்ள இப்ப அப்பம் இல்ல, சரீரம் மட்டும்தான். லுத்தரன் சொல்றது அப்பம் அப்பமாவே இருக்கு, அதுக்குள்ள, அதோட, அதுக்குக் கீழ ஆண்டவருடைய சரீரமும் உண்மையா இருக்கு, எப்படின்னு கேக்காதே. இங்கிலாந்து சபை நடுவுல ஒரு வழி எடுத்துச்சு. அவங்களோட 39 பிரமாணத்துல 28-வது, சரீரம் உண்மையா குடுக்கப்படுது, வாங்கப்படுது, ஆனா பரலோகத்துக்குரிய ஆவிக்குரிய விதத்துலதான்னு சொல்லும். உங்க தாத்தாவோட வெஸ்லியன் சபையும் அதுலேருந்து பிரிஞ்சதுதான், வெஸ்லியும் வெறும் நினைவுகூருதல்னு சொன்னவர் இல்ல, கிருபை நமக்கு வந்து சேர்ற வழி அதுன்னு சொல்லி அடிக்கடி திருவிருந்து எடுக்கச் சொன்னவர். அதனால உங்களுக்குச் சின்ன வயசுல சொல்லிக் குடுத்தது உங்க சபையோட முழு உபதேசமும் இல்லண்ணே, ஓய்வுநாள் பாடசாலையில சுருக்கிச் சொன்னது.

சரி, இதுல என்ன இருக்கு, எப்படி எடுத்தா என்னன்னு தோணும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, விசுவாசமே இல்லாத ஒருத்தர் வாங்கினா அவருக்கு என்ன கிடைக்குது? 39 பிரமாணத்துல 29-வது, அவங்க பல்லுல கடிச்சாலும் கிறிஸ்துவில பங்கு கிடைக்காதுன்னு சொல்லுது. லுத்தர், கிடைக்கிறது ஆண்டவர் சரீரம்தான், ஆனா அது அவனுக்கு ஆக்கினையா முடியும்னாரு. கேக்க பயமா இருக்கும், ஆனா இதைத் திருப்பிப் பாத்தா எவ்வளவு பெரிய ஆறுதல்னு எனக்கு ஒரு நாள்தான் தெரிஞ்சுது.

எங்க அம்மாச்சிக்குக் கடைசி மூணு வருஷம் ஞாபகமே இல்ல. என்னைத் தெரியாது, அம்மாவைத் தெரியாது, பரமண்டல ஜெபம் பாதியில நின்னுடும். பொறையாத்துல ஐயர் வீட்டுக்கு வந்து கட்டில்கிட்ட நின்னு திருவிருந்து குடுத்தப்ப, அவங்க நம்பித்தான் வாங்குறாங்களா, அவங்களுக்கு இது என்னன்னு தெரியுமான்னு எனக்கு ஒரே தவிப்பு, ஐயர்கிட்டயே கேட்டுட்டேன். அவர் சொன்னாரு, பாப்பா, இது அவங்க ஞாபகத்தை நம்பிக் குடுக்கிறது இல்ல, ஆண்டவர் குடுத்த வாக்கை நம்பிக் குடுக்கிறது, அவங்க மறந்துட்டாங்க, அவர் மறக்கலன்னாரு. அம்மாச்சி வாயைத் திறந்து அப்பத்தை வாங்கிக்கிட்டாங்க. அன்னையிலேருந்து நான் எந்தக் கோயில்ல திருவிருந்து வாங்கினாலும் இந்த விஷயத்துல மனசால லுத்தரன்தான், எங்க அப்பாவுக்கும் தெரியும்.

அதுக்காக உங்க சபையில கிடைக்காதுன்னு நான் சொல்ல வரல. ஐரோப்பாவுல லுத்தரனும் மத்த சீர்திருத்த சபைகளும் 1973-ல லாய்ன்பர்க்ங்கிற எடத்துல ஒரு உடன்படிக்கை பண்ணி, இந்த வித்தியாசத்துக்காக இனி ஒருத்தர் மேசையை ஒருத்தர் விலக்க வேண்டாம்னு முடிவுக்கு வந்துட்டாங்க. "நாம் பிட்கிற அப்பம் கிறிஸ்துவினுடைய சரீரத்தின் ஐக்கியமாயிருக்கிறதல்லவா"ன்னு பவுல் கேக்குறாருல்ல, உங்க நண்பரோட சேர்ந்து அந்த அதிகாரத்தை, 1 கொரிந்தியர் 10, ஒரு தடவை வாசிங்க.

இன்னொண்ணும் சொல்லணும். மன்னார்குடி வெஸ்லியனுக்கும் தரங்கம்பாடி லுத்தரனுக்கும் உங்களுக்குத் தெரியாத ஒரு சொந்தம் இருக்கு. ஜான் வெஸ்லி சின்னப் பையனா இருந்தப்ப அவங்க அம்மா சூசன்னா, தரங்கம்பாடிக்குப் போன அந்த ரெண்டு மிஷனரிகளைப் பத்தின புஸ்தகத்தை வீட்டுல வாசிச்சு, அதுல மனசு உருகி, அதுக்கப்புறம்தான் புள்ளைங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சு ஆத்துமாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பையன் வளந்து 1738 மே 24 ராத்திரி லண்டன்ல ஒரு கூட்டத்துல உக்காந்திருந்தப்பதான் மனசுல அனல் மூண்டு மாறினாரு, அங்க அப்ப வாசிச்சுக்கிட்டு இருந்தது ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதின முன்னுரை. அந்த வெஸ்லியோட ஆளுங்க வந்துதான் மன்னார்குடியில பின்லே பள்ளிக்கூடம் வச்சாங்க. நம்ம கடற்கரையில தொடங்கி இங்கிலாந்து போயி திரும்ப நம்ம வயக்காட்டுக்கே வந்திருக்கு.

கேள்வி: எங்க சபைக்கு புதுசா வந்திருக்கிற ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது சிலுவை அடையாளம் போடுறாரு, எங்களையும் போடலாம்ங்கிறாரு. லுத்தரன் கோயில்ல இது என்ன ஆர்.சி. பழக்கம்? (கும்பகோணம் வாசகர்)

ஞானோபதேசத்தோட கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்க, காலை ஜெபம், மாலை ஜெபத்துக்கு லுத்தரே எழுதி வச்சிருக்காரு, எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டு பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லுன்னு. நம்ம ஊர்ல ஆர்.சி. இல்லைன்னு காட்டுறதுக்காக விட்ட பழக்கம் அது. போட்டாத்தான் இரட்சிப்புன்னு யாரும் சொல்லல, போடாதவங்களை ஐயர் கட்டாயப்படுத்தவும் கூடாது, ஆனா அவர் உபதேசத்தை விட்டு விலகலங்க.

கேள்வி: செப்டம்பர் எட்டுக்கு வேளாங்கண்ணிக்கு எங்க தெருவே போவுது. பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்கா ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாங்க. நாங்க லுத்தரன். கூடப் போனா பாவமா? மாதாவைப் பத்தி நம்ம சபை என்ன சொல்லுது? (நாகப்பட்டினம் வாசகி)

அக்காவோட நடந்து போறது பாவமே இல்லம்மா. மாதாவைப் பத்தி லுத்தர் ஒரு வார்த்தை கொறைச்சுப் பேசினவர் இல்ல, 1521-ல மரியாளின் பாட்டுக்கு விளக்கமே எழுதியிருக்காரு, ஒண்ணுமில்லாத ஒரு ஏழைப் பொண்ணைத் தேவன் பாத்தாரே, அந்தப் பார்வைதான் பெரிசுன்னு உருகி எழுதியிருப்பாரு. தேவதாய்ங்கிற பேரையும் லுத்தரன் சபை மறுத்ததில்ல.

வித்தியாசம் ஒரு எடத்துலதான். ஆக்ஸ்பர்க் அறிக்கை 21-ஆம் பிரிவு, பரிசுத்தவான்களை நினைக்கலாம், அவங்க விசுவாசத்தைப் பாத்து நடக்கலாம், ஆனா அவங்ககிட்ட வேண்டுதல் வைக்கச் சொல்லி வேதத்துல எங்கேயும் இல்ல, மத்தியஸ்தர் ஒருத்தர்தான்னு சொல்லுது. ஆர்.சி.ல, எனக்காக வேண்டிக்கோன்னு உன்கிட்ட கேக்குற மாதிரி மாதாகிட்டயும் கேக்குறேன்பாங்க, அவங்க மாதாவை தெய்வமா கும்பிடுறாங்கன்னு நம்ம ஆளுங்க பேசுறது அவங்க சொல்லாததை அவங்க மேல போடுறது, அதை நிறுத்திக்கணும். நீங்க போங்க, அக்கா ஜெபமாலை சொல்லும்போது பக்கத்துல அமைதியா உக்காருங்க, உங்க ஜெபத்தை ஆண்டவர்கிட்டயே சொல்லுங்க. நேர்ச்சை, மொட்டை, தேங்காய்க்கன்னு, இதெல்லாம் உங்க மனசாட்சி இடம் குடுக்கலைன்னா வேண்டாம், அக்காவுக்குப் புரியும். 1999 அக்டோபர் 31-ல லுத்தரன் உலக சம்மேளனமும் ரோமும், மனுஷன் நீதிமானாக்கப்படுறது கிருபையால, கிறிஸ்துமேல வைக்கிற விசுவாசத்தாலங்கிறதுல நாம ஒத்துப்போறோம்னு சேர்ந்து கையெழுத்துப் போட்டாங்க, அதுவும் ஆக்ஸ்பர்க்லயே. சண்டை தொடங்கினதே அந்த விஷயத்துலதானே.

கேள்வி: என் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போறான். குழந்தையில தெளிச்சது ஞானஸ்நானமே இல்ல, முழுக்கு எடுத்தாத்தான் இரட்சிப்புன்னு சொல்லி என்னையும் அம்மாவையும் தினம் கேக்குறான். அம்மா ராத்திரி தூங்குறதில்ல. நாங்க சி.எஸ்.ஐ. (சீர்காழி வாசகி)

அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க, அவங்க ஞானஸ்நானம் செல்லும்.

தண்ணி எவ்வளவுங்கிறதுல நம்ம சபைகளுக்குச் சண்டை இல்ல. லுத்தரே முழுக்கினா நல்லதுன்னு ஒரு இடத்துல எழுதியிருக்காரு, ஆங்கிலிக்கன் ஜெப புஸ்தகத்துலயும் குழந்தையை முழுக்கலாம்னு இருக்கு, சி.எஸ்.ஐ.லயும் முழுக்கு உண்டு. கேள்வி ஞானஸ்நானத்துல செயல்படுறது யாருங்கிறது. தம்பியோட சபையில, நான் விசுவாசிச்சேன்னு நான் குடுக்கிற சாட்சி அது, அதனால குழந்தைக்கு முடியாது. நம்ம ரெண்டு சபையிலயும் அது தேவன் நமக்குப் பண்றது, நாம அவரைத் தேடுறதுக்கு முன்னாடியே அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது. குழந்தைக்குக் குடுக்கலாங்கிறதும் அதனாலதான், திரும்ப எடுக்க வேண்டாங்கிறதும் அதனாலதான், "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்"னு எபேசியர் 4-ல இருக்கு. திரும்ப எடுத்தா முதல் தடவை தேவன் சொன்னது போதலைன்னு சொன்ன மாதிரி ஆயிடும். லுத்தருக்கு பயமும் சோர்வும் வர்றப்பெல்லாம் நான் ஞானஸ்நானம் பெற்றவன்னு சொல்லிக்குவாராம், குழந்தையா இருந்தப்ப, பொறந்த மறுநாளே வாங்கின ஞானஸ்நானந்தான் அது.

தம்பியைத் திட்டாதீங்க. அவன் அங்க போனதுக்கு நம்ம பக்கமும் காரணம் இருக்கும், நாம குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு அதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லிக் குடுக்கிறதில்ல, ஜாக்கெட் பிட்டு, பிரியாணின்னு முடிச்சிடுறோம். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவோட ஞானஸ்நானச் சீட்டை எடுத்து மேசையில வைங்க. அதுல போட்டிருக்கிற தேதியில இவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நீ நெனைக்கிறேன்னு கேளுங்க, அவன் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க, அப்புறம் அம்மாவைப் பேச விடுங்க.